பொட்டாசியம் 2.9, அல்டோஸ்டிரோன் "ரேஞ்சுக்குள்": இதை நார்மல்னு விடலாமா?

உப்புக்கணக்கு (பிசியாலஜி ஆசிரியர், பெங்களூரு)

முதலாம் ஆண்டுக்கு அட்ரீனல் (சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பி) பாடம் எடுக்க ஒரு ரிப்போர்ட் அமைச்சிருக்கேன். அதோட ஹார்மோன் அல்டோஸ்டிரோன் உப்பைப் பிடிச்சு வச்சுப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேத்தும்; சிறுநீரகம் விடுற ரெனின் அதைத் தூண்டும். எண்கள் பாடத்துக்காகப் போட்டவை, ஆனா வார்டில் பார்க்கிற மாதிரிதான்.

வயது 41, மூணு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் 168/104
சோடியம் 143, பொட்டாசியம் 2.9 (லிட்டருக்கு மில்லிமோல்)
அல்டோஸ்டிரோன் 9 (டெசிலிட்டருக்கு நானோகிராம்), லேப் போட்ட எல்லை 4 முதல் 31
ரெனின் ஆக்டிவிட்டி 0.3 (மில்லிக்கு, மணிக்கு, நானோகிராம்)

அல்டோஸ்டிரோன் வரியில் ஏறியதாகவோ இறங்கியதாகவோ எந்தக் குறியும் கிடையாது. பையன்கள் "நார்மல் சார்"னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. அது ஏன் தப்புங்கிறதை அயனியில் ஆரம்பிச்சு ஹார்மோன் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லணும். புத்தகத்தில் "பொட்டாசியம் கூடினால் அல்டோஸ்டிரோன் கூடும்"னு ஒரே வரி. அந்த வரிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.

---

சவ்வோரம் (எலக்ட்ரோபிசியாலஜி)

செல் சவ்விலிருந்து ஆரம்பிங்க சார். குளோமெருலோசா செல் (அட்ரீனலின் வெளியோரத்தில் அல்டோஸ்டிரோன் தயாரிக்கும் செல்) ஓய்வில் இருக்கும்போது அதன் சவ்வில் திறந்திருப்பது ஏறக்குறைய பொட்டாசியம் சேனல்கள் மட்டும்தான். டாஸ்க்-1, டாஸ்க்-3 என்ற கசிவுச் சேனல்கள் அதில் முக்கியமானவை. அதனால் செல்லின் மின்னழுத்தம் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தத்தை ஒட்டியே கிடக்கும். வெளியே பொட்டாசியம் அசைந்தால் செல்லும் கூடவே அசையும்.

போர்டில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் போட்டு நாலு எண் எழுதுங்க. உள்ளே 140, உடல் வெப்பம் 37 டிகிரி என்று வைத்தால்:

வெளியே 5.0 → மைனஸ் 89 மில்லிவோல்ட்
வெளியே 4.0 → மைனஸ் 95
வெளியே 3.0 → மைனஸ் 103
வெளியே 2.9 → மைனஸ் 104

நிஜ செல் இதைவிடக் கொஞ்சம் மேலே, மைனஸ் 80 பக்கம் நிற்கும். சோடியக் கசிவும் கொஞ்சம் இருப்பதால். ஆனால் நகரும் திசையும் அளவும் ஏறத்தாழ இதுதான். 4-லிருந்து 5 போனால் 6 மில்லிவோல்ட். நரம்பு செல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. குளோமெருலோசாவுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே காவலுக்கு நிற்பது டி-வகைக் கால்சியம் சேனல் (சிஏவி 3.2). மற்ற கால்சியம் சேனல்களைப் போல மைனஸ் 30 வரை காத்திருக்காது. மைனஸ் 70-ஐ ஒட்டியே திறக்கத் தொடங்கிவிடும். கூடவே எல்-வகையில் சற்றுச் சீக்கிரம் திறக்கும் சிஏவி 1.3-ம் உண்டு. கால்சியம் உள்ளே வந்ததும் கால்மாடுலின், அதைச் சார்ந்த கைனேஸ்கள் வேலையைத் தொடங்கும். ஸ்டார் புரதம் கொலஸ்ட்ராலை (அல்டோஸ்டிரோனின் மூலப்பொருள்) மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தள்ளும். சில மணி நேரத்தில் அல்டோஸ்டிரோன் சிந்தேஸ் என்சைமின் மரபணுவே வேகமாகப் படியெடுக்கப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: அல்டோஸ்டிரோன் எங்கேயும் சேமித்து வைக்கப்படுவதில்லை. அப்போதைக்கப்போது தயாராகி வெளியேறுவது. ஆகவே "சுரப்பு" என்று நாம் சொல்வதும் "தயாரிப்பு" என்பதும் இங்கே ஒன்றே. உங்கள் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 2.9. அந்த செல் அமுக்கப்பட்டுக் கிடக்கிறது. அந்த நிலையிலும் 9 வருகிறது என்றால், யாரோ வேறு வழியில் அதைத் தூண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆஞ்சியோடென்சினாக (ரெனினால் உண்டாகும் ஹார்மோன்) இருக்க முடியாது, ரெனின் 0.3 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

---

வார்டுரவுண்டு (எண்டோகிரைனாலஜி)

சவ்வோரம் சொன்னதன் கிளினிக்கல் பாதி இதோ.

ஆரோக்கியமான ஆளுக்குப் பொட்டாசியம் 2.9-ஆ இறங்கி, ரெனினும் 0.3-ன்னா, அல்டோஸ்டிரோன் 2, 3-க்குக் கீழே போயிருக்கணும். அதனால லேப் எல்லையை வச்சு இந்த 9-ஐப் பார்க்கக்கூடாது. அந்த 4 முதல் 31-ங்கிற எல்லை பொட்டாசியம் நார்மலா இருக்கிற ஆட்களுக்குப் போட்டது. அல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம், அதாவது 9-ஐ 0.3-ஆல் வகுத்தா 30. பிரைமரி அல்டோஸ்டிரோனிசம் (ரெனின் தூண்டாமலே சுரப்பி தானா அல்டோஸ்டிரோன் சுரக்கிற நோய்) இருக்கான்னு சந்தேகப்பட அதுவே போதும். ஆனா நிறைய இடத்தில் "அல்டோஸ்டிரோன் குறைஞ்சது 10 இருக்கணும்"னு இன்னொரு நிபந்தனையும் வைப்பாங்க. அந்த நிபந்தனையில் மாட்டி இந்த நோயாளி வெளியே போயிடுவார். தவறவிடுவது இங்கேதான்.

செய்ய வேண்டியது பொட்டாசியத்தை 4.0-க்குக் கொண்டுவந்துட்டு மறுபடி எடுக்கிறது. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லியில் 20 மில்லிமோல், 600 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரையில் 8 மில்லிமோல். ரத்தத்தில் 0.3 இறங்கியிருந்தா உடம்பில் சுமார் 100 மில்லிமோல் பற்றாக்குறைன்னு தோராயக் கணக்கு. அப்படின்னா 2.9-லிருந்து 4.0-க்கு 350-க்கு மேல வேணும். தினம் மூணு வேளை 15 மில்லி கொடுத்தா 60. சிறுநீரில் ஓடிக்கிட்டே இருக்கிறதையும் சேர்த்துப் பார்த்தா ஒரு வாரம் சாதாரணமா ஆகும். நடுவில் ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை பொட்டாசியம் பாருங்க, கிரியாட்டினின் ஏறியிருந்தா இன்னும் அடிக்கடி. ஏறவே மாட்டேங்குதுன்னா மெக்னீசியம் பாருங்க. அது குறைஞ்சிருந்தா சிறுநீரகக் குழாயில் ரோம்க் சேனல் அடைபடாம பொட்டாசியம் ஒழுகிக்கிட்டே இருக்கும். நரம்பு வழியாக் கொடுக்கிறதா இருந்தா டெக்ஸ்ட்ரோஸில் கலக்காதீங்க. இன்சுலின் சுரந்து இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள இழுத்துடும்.

மருந்து நிறுத்தறது தனிக் கதை. ஸ்பைரனோலாக்டோன், எப்ளரினோன், அமிலோரைடு (பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கிற மாத்திரைகள்) நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும். பீட்டா பிளாக்கர், குளோனிடின், மெத்தில்டோபா, வலி மாத்திரைகள் ரெனினை அமுக்கி விகிதத்தைப் பொய்யா ஏத்தும். ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி (ரெண்டும் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிற அழுத்த மாத்திரைகள்), டையூரெடிக் ரெனினை ஏத்தி விகிதத்தைப் பொய்யா இறக்கும். நிறுத்தின இடத்தில் அழுத்தத்தைத் தாங்க வெராபமில் (மெதுவாக வெளிவிடும் வகை), ஹைட்ரலசின், பிரசோசின், டாக்சசோசின். அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கிற ஆளுக்கு எல்லாத்தையும் நிறுத்தியே தீரணும்னு பிடிவாதம் வேண்டாம். ஏஆர்பி போட்டுக்கிட்டே எடுத்தும் ரெனின் அமுங்கியே இருந்தா அது இன்னும் வலுவான சான்று.

---

செரம்செல்வி (கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி லேப்)

டாக்டர் சொன்னதெல்லாம் அந்த 2.9 உண்மையான 2.9-ஆ இருந்தாத்தான். பொட்டாசியம் போல எளிதில் கெடுகிற எண் லேப்ல வேற இல்ல. கை மடக்கி மடக்கி நீட்டச் சொல்லி, டூர்னிக்கெட்டை இறுக்கி வெச்சு எடுத்தா 3.2 இருக்கிறவருக்கு 3.8 வரும். டாக்டர் "பரவாயில்ல"ன்னு பொட்டாசியம் கொடுக்காம நேரா அல்டோஸ்டிரோனுக்கு அனுப்பிடுவார்.

எடுக்கிற முறை:

ஆள் எழுந்து நடமாடி ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கணும். காலை நடுப்பொழுது நல்லது. எடுக்கும் முன்னால 5 முதல் 15 நிமிஷம் உட்கார வைங்க. விரல் மடக்கச் சொல்லாதீங்க. ஊசி உள்ளே போனதும் டூர்னிக்கெட்டை அவிழ்த்துட்டு அஞ்சு விநாடியாவது விட்டு மெதுவா இழுங்க. அரை மணிக்குள்ள சென்ட்ரிஃபியூஜ். ரெனினுக்கான இடிடிஏ (ரத்தம் கட்டாம வைக்கிற ரசாயனம்) ட்யூபை அறை வெப்பத்தில் வைங்க, ஐஸில் வேண்டாம். பிளாஸ்மா பிரிச்சப்புறம் உடனே உறைய வைக்கணும்.

இன்னொன்னு, ட்யூப் வரிசை. பொட்டாசியம் எடுக்கிற ட்யூபுக்கு முன்னால இடிடிஏ ட்யூப் போனா ஊசி வழியா ஒரு துளி தொத்திக்கும். இடிடிஏ நம்ம ட்யூப்ல பொட்டாசிய உப்பாத்தான் இருக்கு. ரிப்போர்ட்ல பொட்டாசியம் 7-ன்னு வந்து, கால்சியம் 5-ன்னு வந்து, அல்கலைன் பாஸ்பட்டேஸும் பாதியா விழுந்திருந்தா நோயாளிக்கு ஒண்ணும் இல்ல, இடிடிஏதான். ஆள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கும்போது கால்சியம் 5-ன்னு வந்தா முதல்ல ட்யூபைச் சந்தேகப்படுங்க.

---

நடுராத்திரி_டியூட்டி (மருத்துவ முதுநிலை மாணவர்)

மேடம், எண்டோகிரைன் சாம்பிள்னாலே ஐஸ்தானே? ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டுற பிட்யூட்டரி ஹார்மோன்) ஐஸில் வைக்காட்டி லேப் திருப்பி அனுப்பறாங்க. வீட்டுக்கு வந்து எடுக்கிற பையன் எல்லா ட்யூபையும் ஒரே ஜெல் பெட்டியில் போட்டுக்கிட்டுப் போறதைத்தான் பார்க்கிறோம்.

---

செரம்செல்வி

அந்த ஒரே பெட்டிதான் பிரச்சினைங்க. ஏசிடிஎச் ஒரு பெப்டைடு, ரத்தத்தில் இருக்கிற என்சைம் அதைத் தின்னுடும். அதுக்குக் குளிர்ந்த இடிடிஏ ட்யூப், ஐஸ், குளிர் சென்ட்ரிஃபியூஜ் எல்லாம் வேணும். ரெனின் வேற ஜாதி. ரத்தத்தில் ரெனினைவிடப் பல மடங்கு அதிகமா புரோரெனின் (ரெனினோட செயல்படாத முன்வடிவம்) சுத்திக்கிட்டிருக்கு. பிளாஸ்மா உறையாம, சில்லுன்னு கிடந்தா அந்தப் புரோரெனின் ரெனினா மாறும். அமுங்கியிருக்க வேண்டிய ரெனின் ஏறித் தெரியும், விகிதம் இறங்கிடும், நோய் மறைஞ்சிடும்.

அதே பெட்டியில் கிடக்கிற பொட்டாசிய ட்யூபுக்கும் கேடு. குளிரில் சிவப்பணுவோட சோடியம்–பொட்டாசியம் பம்ப் படுத்துக்கும், உள்ளே இருக்கிறது வெளியே கசியும். சிவப்பு நிறமே ஏறாது, அதனால ஹீமாலிசிஸ் (சிவப்பணு உடைஞ்சது) குறியீடு இதைக் காட்டிக்கொடுக்காது. வைட்ஃபீல்டில் காலை 8 மணிக்கு எடுத்த ட்யூப் பெங்களூரு டிராஃபிக் தாண்டி நகரத்து நடுவில இருக்கிற லேபுக்கு 11 மணிக்கு வருதுன்னா என்ன எதிர்பார்க்கிறீங்க? இந்த டெஸ்டுக்கு வீட்டுச் சேகரிப்பு வேண்டாம். சென்ட்ரிஃபியூஜ் இருக்கிற சென்டருக்கு ஆளை வரச் சொல்றதுதான் சரி. வந்த வழியில் நடந்ததுமாச்சு, உட்கார வெச்சதுமாச்சு.

டாக்டர்களுக்கும் ஒண்ணு: விகிதம் 90-ன்னு வந்தா குதிக்காதீங்க. ரெனின் 0.1-ன்னா அல்டோஸ்டிரோன் 5-க்கே 50 வரும். வகுக்கும் எண்ணுக்கு 0.2-ன்னு ஒரு அடித்தளம் வெச்சு விகிதம் போடுற லேப்களும் உண்டு. எல்சி-மாஸ் முறையில் (மூலக்கூறை எடை வச்சுப் பிரிச்சு) அளந்தா இம்யூனோ அஸேயைவிட (ஆன்டிபாடி முறை) அல்டோஸ்டிரோன் குறைவாத்தான் வரும்; ரெண்டுக்கும் ஒரே எல்லையைப் போடக்கூடாது.

---

உப்புக்கணக்கு

நல்லா இருக்கு. ஆனா சோடியத்தை யாரும் தொடலையே? பையன்கள் முதலில் கேட்கப்போவது "உப்பு குறைஞ்சாத்தானே சார் அல்டோஸ்டிரோன்?"

---

சவ்வோரம்

ரத்தத்துச் சோடியம் குளோமெருலோசா செல்லை நேரடியாகத் தொடுவது மிகக் குறைவு. அது சிறுநீரகம் வழியாகச் சுற்றி வருகிறது: உப்பு குறைந்தால் ரெனின், ரெனினிலிருந்து ஆஞ்சியோடென்சின்-2, அது ஏடி-1 ஏற்பியில் ஒட்டி டாஸ்க் சேனல்களை மூடுகிறது. மூடினால் செல் மேலே நகர்கிறது, கால்சியம் நுழைகிறது. உள்சேமிப்பிலிருந்தும் ஐபி-3 வழியாகக் கால்சியம் வெளிவரும். பொட்டாசியமும் ஆஞ்சியோடென்சினும் வந்து சேரும் வாசல் ஒன்றே. அதனால்தான் ஒன்று கூடுதலாக இருக்கும்போது மற்றதன் விளைவு பெருகுகிறது.

இங்கே மாணவர்கள் விரும்பும் இரண்டு சிக்கல்கள் உண்டு. சிறுநீரகத்தின் மேக்குலா டென்சா (குழாயில் உப்பை உணரும் செல்கூட்டம்) "சோடியத்தை உணர்கிறது" என்று எல்லாப் புத்தகமும் சொல்லும்; என்கேசிசி-2 கடத்தி வழியே அது உணர்வதில் குளோரைடின் பங்குதான் பெரிது. இரண்டாவது, ரெனின் சுரக்கும் ஜக்ஸ்டாகுளோமெருலர் செல்லில் கால்சியம் ஏறினால் சுரப்பு குறையும். உடம்பில் ஏறக்குறைய எல்லாச் சுரப்பு செல்லும் கால்சியம் ஏறினால்தான் சுரக்கும். ஒரே அச்சின் ஒரு முனையில் கால்சியம் பிரேக், மறுமுனையில் ஆக்சிலேட்டர்.

அமிலத்தன்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாஸ்க் சேனல்கள் வெளிப்புற அமிலத்தில் மூடும் வகை. ரத்தம் அமிலமானால் அல்டோஸ்டிரோன் கூடும், சிறுநீரில் அமிலம் வெளியேற அது உதவும்.

கட்டியில் என்ன நடக்கிறது என்பதற்கு 2011-ல் நல்ல விடை கிடைத்தது. அல்டோஸ்டிரோன் சுரக்கும் அடினோமாக்களில் கேசிஎன்ஜே-5 மரபணுவில் மாற்றங்கள். அது பொட்டாசியம் சேனல்; வடிகட்டிப் பகுதியில் அல்லது அதை ஒட்டி ஓர் அமினோ அமிலம் மாறியதும் சோடியத்தையும் உள்ளே விட ஆரம்பிக்கிறது. செல் நிரந்தரமாக மேலே ஏறி நிற்கிறது, பொட்டாசியம் 2.9 ஆனாலும் இறங்குவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டின் 9-க்கு இது ஒரு விளக்கம். பின்னால் சோடியம் பம்ப், கால்சியம் பம்ப், சிஏவி 1.3, 2018-ல் குளோரைடு சேனல் என்று பட்டியல் நீண்டது. பட்டியலில் உள்ள எல்லாமே அயனியைக் கடத்தும் புரதங்கள் என்பதை மட்டும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். போதும்.

---

பெட்ரிடிஷ் (செல் வளர்ப்பு ஆய்வகம்)

இதை எச்295ஆர் செல்லில் (அட்ரீனல் புற்றிலிருந்து வளர்த்த செல்வரிசை) செய்முறையாகக் காட்ட நினைப்பவர்களுக்கு. 24 மணி நேரம் சீரம் குறைத்து (0.1 சதவீதம்) வைத்துவிட்டு, பொட்டாசியத்தை 16 மில்லிமோலுக்கு ஏற்றுங்கள். டிஎம்இஎம்/எஃப்12 ஊடகத்தில் ஏற்கனவே 4.2 இருக்கிறது, ஆகவே சேர்க்க வேண்டியது சுமார் 12. இன்னொரு கிணற்றில் (வளர்ப்புத் தட்டின் குழி) ஆஞ்சியோடென்சின் 10 முதல் 100 நானோமோலார். 24 மணி நேரம் கழித்து ஊடகத்தில் அல்டோஸ்டிரோன் அளக்கலாம்.

வழக்கமாகச் சொதப்புவது கட்டுப்பாட்டுக் கிணறு. 12 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு போட்டால் ஆஸ்மோலாலிட்டி 24 வரை ஏறும். எதிர்க் கிணற்றில் அதே 12 மில்லிமோல் சோடியம் குளோரைடு போடாமல் ஒப்பிட்டால் எதை அளந்தீர்கள் என்று தெரியாது. அடுத்தது, கால்சியம் இல்லாமல் செய்து காட்ட இஜிடிஏ ஊற்றுபவர்கள்: அது கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடுகிறது, பிஎச் இறங்குகிறது. மேலே சவ்வோரம் சொன்ன டாஸ்க் சேனல் அமிலத்துக்கு மூடும். இரண்டு விளைவும் எதிரெதிர்த் திசையில். பிஎச்-ஐத் திருத்திய பிறகு ஊற்றவும்.

இந்த 16 என்ற எண்ணைப் பார்த்து "உடம்பில் 16 வந்தால் ஆள் இருப்பாரா?" என்று மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. இந்தப் புற்று செல்வரிசை உடம்பில் இருக்கும் செல்லைப் போல 0.5 மில்லிமோல் மாற்றத்துக்குத் துள்ளாது. 2012-ல் சுண்டெலி அட்ரீனல் துண்டுகளில் காட்டியது இங்கே பொருந்தும்: குளோமெருலோசா செல்கள் கொத்தாக ஒட்டியிருக்கும்போது அவற்றின் மின்னழுத்தம் தானாகவே ஏறி இறங்கி ஊசலாடுகிறது. பிரித்துத் தனியாக எடுத்தால் அந்த ஊசல் நின்றுவிடுகிறது.

---

மயக்கவியல்_மணி (அனஸ்தீசியா)

கார்டெக்ஸ் (அட்ரீனலின் வெளிப்பகுதி) பத்தியே பேசிட்டிருக்கீங்க, மெடுல்லாவையும் (உள்பகுதி) ஒரு வார்த்தை. அங்கே இருக்கிற குரோமாஃபின் செல் எதிர்மாறு. அங்கே அட்ரினலின் சிறு பைகளில் தயாரா இருக்கு, கால்சியம் வந்து பையைச் சவ்வோட ஒட்டித் திறக்க வைக்கணும். 1961-ல் டக்ளஸும் ரூபினும் பூனை அட்ரீனலில் கால்சியம் இல்லாத திரவம் ஓட்டினாங்க. அசிடைல்கோலின் கொடுத்தும் சுரப்பு வரல. கால்சியம் திரும்பக் கொடுத்ததும் வந்தது. அங்கே கால்சியம் சேனல்கள் பெரும்பாலும் உயர் மின்னழுத்த வகை. அதனால ஆய்வகத்தில் பொட்டாசியத்தால் தூண்ட 50, 60 மில்லிமோல் போடுறாங்க. 56-ன்னா சவ்வோரம் கணக்குப்படி மைனஸ் 24. ஒரே சுரப்பி, ஒரே அயனி, வெளிப்பக்கம் 0.5-க்கு அசையுது, உள்பக்கம் 5-க்கும் அசையாது.

ஃபியோகுரோமோசைட்டோமா (மெடுல்லாவில் வர்ற, அட்ரினலின் மாதிரி ஹார்மோன் சுரக்கிற கட்டி) அறுவையில் நாங்க இதை நேரா பயன்படுத்துறோம். மெக்னீசியம் கால்சியம் நுழைவைத் தடுக்கும். கிலோவுக்கு 40 முதல் 60 மி.கி. மெக்னீசியம் சல்பேட் மெதுவா, பிறகு மணிக்கு 1–2 கிராம். 50 சதவீத ஆம்பியூல் 2 மில்லியில் 1 கிராம். இது ஆல்ஃபா தடுப்புக்கு (அட்ரினலின் ரத்தநாளத்தை இறுக்காம தடுக்கிற மருந்து) மாற்று கிடையாது. 7 முதல் 14 நாள் ஆல்ஃபா தடுப்பும் உப்பும் திரவமும் முன்னாடியே நடந்திருக்கணும். தசை தளர்த்தும் மருந்தோட விளைவு நீளும், நரம்புத் தூண்டி வெச்சு அளவு பார்க்காம அடுத்த டோஸ் போடாதீங்க.

---

நாய்வைத்தியர் (கால்நடை மருத்துவம்)

எங்க பக்கம் சுரப்பு குறையும் கேஸ்தான் அதிகம். அடிசன் (அட்ரீனல் ஹார்மோன் சுரப்பு போதாத நோய்) வந்த நாய்க்கு சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தா 27-க்குக் கீழே விழும். சோடியம் 128, பொட்டாசியம் 6.6-ன்னா 19. ஆனா சாட்டைப்புழு கனமா இருந்து கழிச்சல் போகிற நாய்க்கும் அதே எண் வரும், அட்ரீனல் நல்லாவே இருக்கும். மலப் பரிசோதனையும் ஏசிடிஎச் தூண்டல் சோதனையும் பார்க்காம ஸ்டீராய்டு வாழ்நாள் முழுக்கன்னு எழுதிடக்கூடாது.

---

நடுராத்திரி_டியூட்டி

மனுஷருக்கும் அடிசன்ல இந்த அயனிக் கணக்கு உதவுமா? இங்கே காசநோய்ல அட்ரீனல் போன கேஸ் வருது. வெயில் காலத்தில் "இளநீர் குடிக்கலாமா"ன்னு எல்லாரும் கேக்கறாங்க.

---

வார்டுரவுண்டு

உதவும். அவங்ககிட்ட அல்டோஸ்டிரோனே இல்ல, அதனால பொட்டாசியம் ஏறினா வெளியேத்த வழி குறைவு. இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம். மத்தூர்ப் பக்கத்து இளநீர் ஒண்ணில் 300 மில்லி இருக்குன்னு வச்சா 15 முதல் 19 மில்லிமோல்; சிரப் ஒரு டோஸுக்குப் பக்கம். உப்போ அதில் குறைவு. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் (அல்டோஸ்டிரோனுக்குப் பதிலான மாத்திரை) சரியான அளவில் போடுறவர், பொட்டாசியம் 4.5-க்குக் கீழே, சிறுநீரகம் நல்லா இருக்குன்னா எப்போதாவது ஒண்ணு பரவாயில்ல. வியர்வைக்கு ஈடுன்னு தினம் மூணு குடிக்கிறது வேண்டாம். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கட்டும். "லோ சோடியம்" உப்பும் வேண்டவே வேண்டாம். அதில் 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடுன்னா 5 கிராமில் 20 மில்லிமோல் போயிடும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுறவங்களுக்கும் இதே விதி.

உப்புக்கணக்கு சார், உங்க ரிப்போர்ட்டுக்கு ரெண்டாவது பக்கம் ஒண்ணு சேருங்க. பொட்டாசியம் 4.1, அல்டோஸ்டிரோன் 21, ரெனின் 0.3. பிறகு மூணாவது ஆள் ஒருத்தர்: அழுத்தம் அதே, பொட்டாசியம் அதே 2.9, ரெனினும் அமுங்கியிருக்கு, ஆனா அல்டோஸ்டிரோன் 1.5. தொண்டை கட்டுதுன்னு தினமும் அதிமதுரம் மெல்லுற பாட்டுக்காரர்னு போடுங்க.

---

உப்புக்கணக்கு

அருமை. மூணாவது ஆளோட தொழிலை மட்டும் மறைச்சுட்டுக் கொடுக்கிறேன். அதைக் கேட்டு வாங்கறாங்களான்னு பார்ப்போம்.